மாசக்கணக்கா பூட்டிக் கிடந்த வீடு, அம்மாவோட திரும்பி வந்தோம்: டீப் கிளீனிங் டீம் ரிவ்யூ (பானஸ்வாடி, பெங்களூர்)

வீடு பளபளன்னு ஆகணும், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இந்த டீம் வேணாம், இத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா ஊர்ல ஒரு சாவு, காரியம், அதுக்கப்புறம் சர்டிஃபிகேட்டு பென்ஷன்னு இழுத்துக்கிட்டே போய் பல மாசம் அங்கயே இருந்துட்டு, வயசான ஒருத்தர கையோட கூட்டிட்டு இங்க வந்து கதவ திறக்கப் போறீங்கன்னா, இவங்க மாதிரி ஆளுங்களத்தான் தேடணும். அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு எங்க போச்சுன்னும் சொல்றேன்.

பேர் எதுக்கு போடலன்னா இவங்களுக்கு பேரே கிடையாது. ஆப்ல இல்ல, போர்டு இல்ல, எங்க அப்பார்ட்மென்ட் குரூப்ல யாரோ போட்ட நம்பர். ஒரு அக்கா, ரெண்டு பசங்க, அவ்ளோதான் டீமு. நம்பர பப்ளிக்கா போடாதம்மா, எலக்ட்ரானிக் சிட்டில இருந்தெல்லாம் கூப்பிடுவாங்க, எனக்கு வண்டி ஒண்ணுதான்னு அக்காவே சொல்லிட்டாங்க. பானஸ்வாடி, கம்மனஹள்ளி, ஹொரமாவு பக்கம் இருக்கவங்க வாட்ச்மேன்கிட்ட கேட்டா தெரியும்.

என் நிலைமைய சுருக்கமா சொல்லிடுறேன், இல்லன்னா ரிவ்யூ புரியாது. அப்பா மயிலாடுதுறைல தவறிட்டார். ராத்திரி போன் வந்துச்சு, கைல கிடைச்ச பைய எடுத்துக்கிட்டு கிளம்பியாச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் வந்துடலாம்னுதான் நினைச்சேன், ஆனா அப்பா ரிட்டயர்டு வாத்தியார், அம்மாவுக்கு குடும்ப பென்ஷன் மாத்தணும், அதுக்கு கருவூலம், அதுக்கு இறப்பு சான்றிதழ் (21 நாளைக்குள்ள பதிஞ்சுட்டா காசு கிடையாது, அத மட்டும் சித்தப்பா மறக்காம பண்ணிட்டார்), பேங்குல வாரிசு சான்றிதழ் கேட்டாங்க, அது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு ஒவ்வொரு டேபிளா நகர்ந்து வரணும். அண்ணன் துபாய்ல, லீவு முடிஞ்சு போயிட்டான். நான் திண்ணைல உக்காந்து ஹாட்ஸ்பாட் போட்டு ஆபீஸ் வேல பார்த்தேன். கடைசில அம்மாவ தனியா விட முடியாதுன்னு முடிவாகி ரெண்டு பேருமா தீபாவளி கழிஞ்சு மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். இந்த வருஷம் எங்களுக்கு பண்டிகை இல்ல, அதுல ஒரே சௌகரியம் என்னன்னா ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்னாடி பெங்களூர்ல கிளீனிங் ஆள் ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க, ரேட்டும் ஏத்திடுவாங்க, நாங்க அது முடிஞ்சப்புறம் வந்ததால உடனே கிடைச்சாங்க.

கிளம்புறதுக்கு முன்னாடியே ஊர்ல இருந்தே போன் போட்டு விசாரிச்சேன். முதல்ல ஒரு பெரிய கம்பெனி, பேர் வேணாம். எத்தன ஸ்கொயர் ஃபீட், ஃபர்னிஷ்டா, சில்வர் பேக்கேஜா கோல்டு பேக்கேஜான்னு கேட்டுட்டு வரிசையா சோபாவோட பழைய போட்டோ புது போட்டோ அனுப்புறாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, வீட்டுக்குள்ள போனதும் படுக்கணும்னு சொன்னா, மேடம் அன்னைக்கு ஃபுல்லா நீங்க வெளிய எங்கயாவது இருந்துக்கோங்க, ஈவினிங் ஹேண்டோவர்ங்கறான். ராத்திரி ரயில்ல வந்த எழுபது வயசு மனுஷி ஈவினிங் வரைக்கும் எங்க இருப்பாங்க, மால்லயா?

அப்புறம்தான் இந்த அக்கா. ஸ்கொயர் ஃபீட்ட பத்தி ஒரு வார்த்த கேக்கல. எத்தன மாசமா பூட்டி இருக்கு, கரண்ட் இருக்கான்னு வாட்ச்மேன விட்டு பாக்க சொன்னியா, ஃப்ரிட்ஜ்ல என்ன இருந்துச்சு, பால்கனிக்கு வலை இருக்கா, யாரெல்லாம் வர்றீங்க. கடைசியா, "அன்னிக்கு ராத்திரி அம்மா எந்த ரூம்ல படுப்பாங்க?" சின்ன ரூம்லன்னு சொன்னேன். "அப்ப அதுல இருந்து ஆரம்பிக்கலாம், மிச்சம் எப்ப முடிஞ்சா என்ன." இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்கேன். இழவு வீட்ல இருந்து வர்றவங்களுக்கு மொத்த வீடும் வேணாங்க, ஒரு கட்டில், ஒரு பாத்ரூம், ஒரு அடுப்பு, அது மூணும் மத்தியானத்துக்குள்ள கிடைச்சா போதும். இது எந்த பேக்கேஜ்லயும் இல்ல.

காலைல வந்து கதவ திறந்ததும் சாக்கடை நாத்தம், மூக்க பிடிச்சிக்கிட்டோம். அம்மா ஏதோ எலி செத்து கிடக்குன்னாங்க. அக்கா உள்ள போய் பாத்ரூம் ரெண்டுலயும், பால்கனிலயும், வாஷிங் மெஷின் இடத்துலயும் தரைல இருக்கற ஜாலிக்குள்ள ஒவ்வொரு பக்கெட் தண்ணி ஊத்துனாங்க, அவ்ளோதான், கொஞ்ச நேரத்துல பாதி நாத்தம் போச்சு. விஷயம் என்னன்னா அந்த ஜாலிக்கு கீழ பைப் வளைஞ்சு இருக்கும், அந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், அதுதான் கீழ இருந்து வர்ற கேஸுக்கும் கரப்பானுக்கும் தடுப்பு. வீட்ட பூட்டிட்டு போனா அந்த தண்ணி கொஞ்சம் கொஞ்சமா காஞ்சிடும், அப்புறம் சாக்கடைக்கும் உங்க ஹாலுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. அடுத்த தடவ ஊருக்கு போறப்போ தண்ணி ஊத்திட்டு மேல ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுட்டு போ, எண்ணெய் மேல படிஞ்சு நின்னா தண்ணி சீக்கிரம் காயாதுன்னாங்க. டாய்லெட்டுக்கும் அதே கதைதான், மூடிய மூடி வச்சிட்டு போகணும். எல்லாரும் எழுதி வச்சிக்கோங்க.

அப்புறம் எல்லா குழாயையும் திறந்து விட்டாங்க, பழுப்பா வந்து வந்து அப்புறம் தெளிஞ்சது. கீசர்ல நின்ன தண்ணிய நல்லா சூடு பண்ணி முழுசா வெளிய விட்டுட்டுதான் அடுத்து பிடிச்சாங்க. சின்ன ரூமும் அத ஒட்டின பாத்ரூமும் முதல்ல. ஃபேன் துடைச்சு, மெத்தைய பால்கனி வெயில்ல போட்டு தட்டி (அன்னைக்கு வெயில் அடிச்சது எங்க அதிர்ஷ்டம்), நாங்க ஊர்ல இருந்து கொண்டு வந்த துவைச்ச பெட்ஷீட்ட விரிச்சு, பதினொன்றரைக்கெல்லாம் அம்மா குளிச்சிட்டு படுத்துட்டாங்க. அதுவரைக்கும் எதிர் வீட்டு ஆன்ட்டி ஹால்ல உக்கார வச்சு காபி குடுத்தாங்க. சாவு வீட்ல இருந்து வந்தவங்க, இன்னும் குளிக்கலன்னு அம்மா உள்ள போக தயங்குனாங்க, ஆன்ட்டி மங்களூர்க்காரங்க, அதெல்லாம் பாக்க மாட்டாங்க, கைய பிடிச்சு இழுத்துட்டு போயிட்டாங்க.

பாத்ரூம்ல ஒரு விஷயம் ரொம்ப பிடிச்சது. பசங்கள்ல ஒருத்தன் டைல்ஸுக்கு பிளீச்சிங் போட்டுட்டு அது மேலயே டாய்லெட் கிளீனர எடுத்தான், அக்கா போட்ட சத்தத்துல அம்மாவே எழுந்துட்டாங்க. டாய்லெட் கிளீனர் ஆசிட், பிளீச்சோட சேந்தா குளோரின் கேஸ் வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. ஒண்ண நல்லா கழுவி விட்டுட்டுதான் இன்னொண்ணு. குழாய்ல படிஞ்ச வெள்ளை உப்புக்கும் (போர் தண்ணி, வேற என்ன) ஆசிட் போடல, எலுமிச்ச உப்பு கரைச்சு துணில நனைச்சு சுத்தி வச்சாங்க, கொஞ்ச நேரத்துல உரிஞ்சு வந்துச்சு. ஹால்ல பழைய மொசைக் தரை, அதுல ஆசிட் பட்டா மினுமினுப்பு போயிடும்னு வெறும் சோப்பு தண்ணிதான்.

ஃப்ரிட்ஜ பத்தி என்ன சொல்ல. மழைல எப்பயோ எம்சிபி (கரண்ட் போர்டுல தானா விழற சுவிட்சு) டிரிப் ஆயிருக்கு, எப்பன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரம் ஓடிட்டு செத்திருக்கும். உள்ள தோசை மாவு, ஃப்ரீசர்ல மீன் குழம்பு, அரை பாக்கெட் பால். திறந்தப்ப அந்த பையனே வெளிய ஓடிட்டான். அக்கா மாஸ்க் போட்டு எல்லாத்தையும் வழிச்சு, ட்ரேய கழட்டி, கதவுல இருக்கற ரப்பர் மடிப்புக்குள்ள பழைய டூத் பிரஷ் விட்டு கறுப்பு பூசணத்த எடுத்து, சோடா மாவு கரைச்சு துடைச்சு, கதவ திறந்தே வச்சிட்டாங்க. பின்னாடி கீழ ஒரு ட்ரே இருக்கு, ஐஸ் உருகி தண்ணி வடியிற இடம், அத எந்த கிளீனிங் ஆளும் தொட்டு நான் பார்த்ததில்ல, இவங்க எடுத்து கழுவுனாங்க. ஆனாலும் நாத்தம் முழுசா போகல. ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் பால் மட்டும் வாங்கி அன்னன்னிக்கே காய்ச்சிக்கோன்னு சொன்னாங்க, அதே மாதிரிதான் ஆச்சு. வாசன ஸ்பிரே அடிச்சு ஏமாத்தல பாருங்க, அதுக்கே ஒரு மார்க்.

மளிகைய ஒவ்வொரு டப்பாவா என்கிட்ட காட்டி கேட்டாங்க. அரிசில வண்டு, ரவைல புழு, துவரம்பருப்பு தப்பிச்சுது. அரிசிய அம்மா விடல, வெயில்ல காய வச்சு புடைச்சா சரியாயிடும்னு எழுந்து வந்து முறம் கேட்டாங்க. பெங்களூர் 2பிஎச்கேல முறத்துக்கு எங்க போறது, நியூஸ் பேப்பர்லதான் புடைச்சாங்க.

பால்கனி புறாவ பத்தி தனியா ஒரு ரிவ்யூவே எழுதலாம். வலை ஒரு ஓரத்துல கிழிஞ்சிருந்துது, அந்த ஓட்ட வழியா உள்ள வந்து குடித்தனமே நடத்தியிருக்கு. காஞ்ச எச்சத்த சும்மா பெருக்கவே கூடாது, அந்த தூசி நுரையீரலுக்கு போனா அலர்ஜி, இருமல், சில பேருக்கு நுரையீரலே கெட்டுடும். இவங்க சோப்பு தண்ணி ஸ்பிரே பண்ணி ஊற விட்டு, மாஸ்க் போட்டு, சுரண்டி கவர்ல கட்டுனாங்க. மழைத்தண்ணி நின்ன பக்கெட்டயும் செடி தட்டையும் கவுத்ததோட விடாம உள்பக்கம் பிரஷ் போட்டு தேய்ச்சாங்க, ஏன்னு கேட்டேன். டெங்கு கொசு முட்டைய ஓரத்துல ஒட்டி வச்சிட்டு போயிடும், காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாது, திரும்ப தண்ணி பட்டா பொரிச்சிடும். பள்ளிக்கூடத்துல படிச்சதோ இல்லையோ, அக்காவுக்கு இதெல்லாம் கரதலப் பாடம். வலைய தைச்சு குடுக்க மாட்டாங்க, அதுக்கு வேற ஆள் பாக்கணும்.

பீரோவுக்கு பின்னாடி சுவர்ல பச்சையும் கறுப்புமா பூசணம். பெங்களூர்ல செப்டம்பர் அக்டோபர் மழைய பத்தி சொல்ல வேணாம், வீடு பூட்டியிருந்தா காத்தும் கிடையாது. அந்த பெரிய கம்பெனி இதுக்கு ஆன்டி ஃபங்கல் கோட்டிங்னு தனியா ஒரு தொகை சொல்லியிருந்தான். அக்கா வினிகர் தண்ணில துடைச்சிட்டு பீரோவ சுவத்த விட்டு ஒரு ஜாண் தள்ளி வச்சாங்க. இது வெளிச்சுவர்ல இருந்து ஊறி வருது, ஓனர விட்டு வெளிய வாட்டர் ப்ரூஃபிங் பண்ணாம உள்ள என்ன பூசினாலும் அடுத்த மழைக்கு திரும்ப வரும், காச வேஸ்ட் பண்ணாதன்னாங்க. ஓனர் இன்னும் பாக்குறேன் பாக்குறேன்னுதான் சொல்லிட்டு இருக்கார், அது வேற கதை.

இப்ப அந்த குறைஞ்ச ஒரு மார்க்கு வருவோம். அப்பா அம்மா கோடைக்கு இங்கதான் வந்து தங்குவாங்க, சின்ன ரூம் அவங்க ரூம்தான், அதனால அப்பா சாமான் ஒரு அலமாரி நிறைய இருந்துச்சு. அம்மா அக்காகிட்ட விஷயத்த சொல்லிட்டாங்க. சொல்லிட்டாங்கன்னா, அடுப்படில ஒரு ஸ்டூல போட்டு உக்காந்துக்கிட்டு ஆரம்பத்துல இருந்து, காலைல என்ன சாப்பிட்டார், எப்ப நெஞ்சு வலின்னார், ஆட்டோ எவ்ளோ லேட்டா வந்துச்சுங்கறது வரைக்கும், அக்கா ஸ்டவ் பர்னர தேய்ச்சுக்கிட்டே ம் ம்னு கேட்டுக்கிட்டாங்க. ஊர்ல துக்கம் கேக்க வந்தவங்க எல்லாருக்கும் கதை முன்னாடியே தெரியும், பாதிலயே அவங்களே முடிச்சு வச்சிடுவாங்க. இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாததால முழுசா கேட்டாங்க. அது வரைக்கும் நல்லதுதான்.

பிரச்சன என்னன்னா, அதுக்கப்புறம் அந்த அலமாரில இருந்து ஒரு துரும்ப கூட தூக்கிப் போட மாட்டேன்னுட்டாங்க. இறந்தவர் சாமான், நான் தொட்டு குப்பைல போட மாட்டேன், குடும்பத்துக்காரங்கதான் பாத்து முடிவு பண்ணணும். அய்யோ, நான் குடும்பத்துக்காரிதானே, நான்தானே சொல்றேன்! காலாவதியான பிபி மாத்திர, பாதி இருமல் மருந்து, மூடி இல்லாத தைலம், 2022 காலண்டர், பேட்டரி கசிஞ்சு போன ரேடியோ, கால் உடைஞ்ச கண்ணாடி, ஸ்க்ரூ டப்பா, மஃப்ளர், ரப்பர் பேண்ட் போட்டு கட்டுன பிஎம்டிசி (பெங்களூர் சிட்டி பஸ்) டெய்லி பாஸ் கட்டு (அம்மாவயும் கூட்டிட்டு போனா ரெண்டு பாஸ் ஆகுதுன்னு தனியாவே சிவாஜி நகர் மெஜஸ்டிக்னு சுத்திட்டு வருவார், ஃப்ரீ பஸ்ஸும் கர்நாடகா பொம்பளைங்களுக்குத்தான், அம்மாவோட ஆதார் தமிழ்நாடு), எல்லாத்தையும் துடைச்சு, ரெண்டு அட்டைப்பெட்டில அழகா அடுக்கி, டேப் ஒட்டி, கட்டில் கீழ வச்சிட்டு போயிட்டாங்க. மரியாத புரியுது. ஆனா எனக்கு அன்னைக்கு வேண்டியது மரியாத இல்ல, காலி அலமாரி. அம்மா புடவைய வைக்க இடம் வேணும். அப்பா மேல எனக்கிருக்கற பாசம் காலாவதியான மாத்திரைல ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி விஷயத்துல வீட்டுக்காரங்க போடுன்னு சொன்னா போடணும், வைன்னு சொன்னா வைக்கணும், தானா ஒரு சட்டம் வச்சிக்க கூடாது.

அப்புறம் நானே ஒரு ராத்திரி உக்காந்து பிரிச்சேன். மாத்திரைய மட்டும் மத்த குப்பையோட போடாதீங்க, குப்பை விதிப்படி அத தனியா கட்டிதான் குடுக்கணும், குழந்தைங்க கைலயோ மாடு வாயிலயோ போகாம இருக்கும். ரேடியோ இ வேஸ்ட்டுக்கு போச்சு. பஸ் பாஸ் கட்டு அம்மா எடுத்துக்கிட்டாங்க, எதுக்குன்னு கேக்கல. மஃப்ளர நான் இப்ப கால்ல போட்டுக்கிட்டு எழுதிட்டு இருக்கேன், குளிருது.

குப்பையயும் இவங்க கொண்டு போக மாட்டாங்க, அத முன்னாடியே தெரிஞ்சிக்கோங்க. ஈரக் குப்பை உலர் குப்பைன்னு பிரிச்சு கட்டி வாசல்ல வச்சிட்டு போயிடுவாங்க. எங்க தெருவுல உலர் குப்பைக்கு குறிப்பிட்ட நாள்லதான் வண்டி வரும், அதுவரைக்கும் லிஃப்ட் பக்கத்துல மூட்டைய வச்சிட்டு செக்யூரிட்டிகிட்ட நான்தான் பேச்சு வாங்கினேன். ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் தொட மாட்டாங்க, மூணாவது மாடி, அது நியாயம். சோபா ஷாம்பு கிடையாது, மெஷின் இல்ல. மெயின் பெட்ரூம அன்னைக்கு முடிக்கல, இருட்டிடுச்சுன்னு மறுநாள் வந்து முடிச்சாங்க, அதுக்கு தனியா காசு கேக்கல.

இன்வெர்ட்டர் இவங்க வேல இல்லதான், ஆனா அந்த பசங்கள்ல பெரியவன் பேட்டரி மூடிய திறந்து பாத்துட்டு தண்ணி குறைஞ்சிருக்குன்னு டிஸ்டில்டு வாட்டர் வாங்கிட்டு வந்து ஊத்தினான், குழாய் தண்ணி ஊத்தாதீங்க உப்பு படியும்னான். ரொம்ப நாள் சார்ஜ் இறங்கி கிடந்ததால பேட்டரி முன்ன மாதிரி நிக்கல, மாத்தணும் போல.

ரேட்டு: ரெண்டு பெட்ரூம், ரெண்டு பாத்ரூம், கிச்சன், பால்கனி எல்லாம் சேத்து 5,200 ரூபா. சாமானெல்லாம் அவங்களே கொண்டு வந்தாங்க. பெரிய கம்பெனி 9,000 சொல்லியிருந்தான், கோட்டிங் இல்லாம. மத்தியானம் மூணு பேருக்கும் சாப்பாடு நீங்க குடுத்தா நல்லது, அவங்க கேக்க மாட்டாங்க, ஆனா பக்கத்துல கடைக்கு போய்ட்டு வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் போயிடும். நான் தர்ஷினில (நின்னு சாப்பிடுற சின்ன ஹோட்டல்) இருந்து லெமன் ரைஸும் இட்லியும் வாங்கி குடுத்தேன். ஜிபே எடுத்துக்குவாங்க, பில் கிடையாது, ஓனர்கிட்ட கிளெய்ம் பண்ண நினைக்கிறவங்க யோசிச்சுக்கோங்க.

கூப்பிடுறப்போ எத்தன நாளா வீடு பூட்டியிருக்குங்கறத மறைக்காம சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரிதான் ஆள் கூட்டிட்டு வருவாங்க. வீட்ல யாராவது தவறியிருந்தா, அவங்க சாமான்ல எது போகணும் எது இருக்கணும்னு போன்லயே கறாரா பேசி வச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை வர மாட்டாங்க, அக்கா சர்ச்சுக்கு போயிடுவாங்க, சனிக்கிழமைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லணும்.